மருந்து அடைக்க வேண்டிய பல்

காரியாபட்டி,
2.7.2003

செல்வி அப்பாவுக்குப் பொன்மணி எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். நான் சுகம். பிள்ளைதான் சுகமில்லை. பதறாதீர்கள், பல்வலி. கடிதத்தை வீட்டுக்குப் போட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை பிரித்துப் படித்துவிட்டுச் சோற்றுப் பருக்கையால் ஒட்டித் தருவார். அதனால்தான் உங்கள் கம்பெனி முகவரிக்குப் போடுகிறேன்.

கீழ்க் கடவாயில் கடைசிப் பல்லில் கருப்பாக ஒரு குழி. முதலில் சோளப்பொரி மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மதினி அய்யம்மாள் கிராம்பை நசுக்கி வைத்தார். அண்ணன் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி மூக்குப்பொடியைத் திணிக்கச் சொன்னாள். பிறகு சந்தையில் பல்லில் பூச்சி எடுக்கிறவளிடம் கூட்டிப் போனோம். அவள் கன்னத்தில் ஒரு குழலை வைத்து முணுமுணுத்து ஊதினாள். வெற்றிலையில் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன். சரி, தொலைந்தது சனியன் என்று வந்தால் மறுநாளும் வலிக்கிறது என்று அழுகிறாள். பூச்சிதான் வெளியே வந்துவிட்டதே, பிறகு என்னத்துக்கு வலிக்கிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா வந்தார், தாய்மாரையும் கூப்பிட்டிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பல்லுல பூச்சியே கிடையாதும்மா. சீனியும் மிட்டாயும் ஒட்டி ஒட்டி அரிச்சிருக்கு. ராத்திரி படுக்கும்போது பல் விளக்குவீங்களா?" என்று கேட்டார். ராத்திரி யார் பல் விளக்குவார்கள்? காலையில் அவளே விளக்கிக்கொள்வாள் என்றேன். "பிள்ளை கைக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரலை. அம்மாவோ அப்பாவோதான் விளக்கிவிடணும்" என்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கா? நம்மை யார் விளக்கிவிட்டார்கள்?

பால் குப்பியில் சீனியைக் கொட்டித் தூங்க வைத்தவள் நீதானே என்று சொல்லப் போகிறீர்கள். தெரியும். தீப்பெட்டி ஒட்டுகிற வேலை மடியில் கிடக்கும்போது வேறு எப்படித் தூங்க வைப்பது? தினமும் வேலை விட்டு வந்து, வாசலில் நின்றபடியே கையை நீட்டிக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தது யார்?

குழி இப்போது சின்னதுதானாம். மருந்து வைத்து அடைத்துவிட்டால் பல் பிழைக்குமாம், விட்டால் பிடுங்க வேண்டி வருமாம். மதினியோ, "பால்பல்லு தானே, பிடுங்கிப் போட்டா வேற முளைக்கும்" என்கிறார். டாக்டரம்மா அது பால்பல்லே இல்லை என்கிறார். ஆறு வயதில் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிற பல்லாம். ஒருமுறைதானாம், போனால் போனதுதானாம். இதில் யார் பேச்சைக் கேட்பது? அடைப்பதா, பிடுங்குவதா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மற்றபடி நான் கிளம்பும்போது சொன்னதில் மாற்றமில்லை. பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அந்த அறையை விட்டு நீங்கள் வெளியே வந்தால், மறு பஸ்ஸில் திருத்தங்கலில் வந்து இறங்குவேன். உங்களோடு மருந்து இடித்த சங்கையா அண்ணன் வெடி விபத்தில் இறந்த பிறகும், "அவன் கவனமில்லாம இடிச்சான், எனக்கு ஒன்னும் ஆகாது" என்று நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அது வேறு. இது பிள்ளை பல்.

பொன்மணி


(அஞ்சல் அட்டை)

காரியாபட்டி,
10.7.2003

செல்வி அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. கோபம் என் மேல் என்றால் என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கார்டை வீட்டுக்கே போடுகிறேன்.

செல்வி விஷயத்தை இனித் தள்ள முடியாது. மருந்து அடைப்பது என்று முடிவாகிவிட்டது. சின்ன வயதிலேயே அடைத்துவிட்டால் நல்லதாம். 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, கம்பெனிக்கு ஆள் ஏற்றும்போது தன் வேனிலேயே கூட்டிப் போகிறேன் என்கிறார் அண்ணன். "முதல்ல அழத்தான் செய்வா, அப்புறம் சரியாயிரும்" என்கிறார் மதினி. கார்டில் விவரமாக எழுத முடியாது. பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம், நாலு பேர் படிக்கக் கூடாது. சம்மதம் என்று ஒரு வரி போடுங்கள்.

பொன்மணி


திருத்தங்கல்,
13.7.2003

பொன்மணிக்கு முனியராஜ் எழுதுறது.

உன்னை மாதிரி நடையா எழுத எனக்கு வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், கோவத்துல எழுதுறேன், அதையும் தெரிஞ்சுக்கோ.

முந்தி லெட்டர் போட்டேங்கிற, எதுவும் வரலை. கார்டுதான் வந்துச்சு. படிச்சேன், புரியலை. திரும்பப் படிச்சேன். கூட வேலை பாக்குற பாலகுருகிட்டக் குடுத்து, "ஏலே, சத்தமாப் படிலே"ன்னேன். அவன் படிச்சாலும் அதேதான் எழுதியிருக்கு. செல்விக்கு மருந்து அடைக்கிற வேலையா? எட்டு வயசுப் பிள்ளைக்கா? உங்க அண்ணன் சோணைமுத்து தலையில மூளை இருக்கா, வேன் டீசல் இருக்கா? ஊர்ப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போறது பத்தாதுன்னு தங்கச்சி பிள்ளையையுமா ஏத்தணும்? முதல்ல அழுவாளாம், அப்புறம் சரியாயிருமாம்! கல்நெஞ்சுக்காரி கூட இப்படி எழுத மாட்டா.

நீதானே என்னை மருந்து அறையை விட்டு வெளிய வான்னு சொல்லிட்டுப் போனவ? இப்ப பிள்ளையை உள்ள அனுப்புறியே, இது என்ன நியாயம்? எனக்கு ஒன்னுமே புரியலை. உன் எழுத்துதானான்னு பழைய லெட்டரோட வச்சுப் பாத்தேன். உன் எழுத்துதான்.

அந்த மருந்து என்னன்னு உனக்குத் தெரியுமா? எங்கய்யா என்னை உக்கார வச்சப்ப எனக்கும் செல்வி வயசுதான். அப்ப நகத்துக்குள்ள போன மருந்தோட வெள்ளிப் பொடி இன்னும் வெளிய வரலை. எம்புட்டுச் சோப்புப் போட்டாலும் போகாது. அதான் செல்வியை நான் தூக்குறதில்லை. இந்தக் கையை அவ கன்னத்துல வைக்கப் பயந்துக்கிட்டுத்தான் வாசல்லயே நின்னு மிட்டாயை நீட்டுவேன். அது உனக்குத் தெரியாது.

மருந்தை மரக்கட்டையாலதான் இடிக்கணும். இரும்பு பட்டாப் பொறி பறக்கும், அம்புட்டுத்தான். சங்கையா கவனமில்லாம இடிச்சான்னு உன்கிட்டச் சொன்னேன்ல, அது பொய். அவன் மரக்கட்டையாலதான் இடிச்சான். நான் இடிக்கிற மாதிரியேதான் இடிச்சான். ஒரு தப்பும் பண்ணலை. அதுக்கு அப்புறம் ஒவ்வொரு இடிக்கும் எனக்குப் பயம். மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் இடிக்கேன். இது மனுசன் செய்ற வேலை இல்லை. எம் பிள்ளை அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது.

உங்க அண்ணன் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொன்னவன்தான் நான். ஆனா வெள்ளிக்கிழமை அந்த வேன் கிளம்புச்சுன்னா சக்கரத்துக்கு முன்னால படுத்துருவேன், சொல்லிட்டேன்.

முனியராஜ்


காரியாபட்டி,
16.7.2003

செல்வி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் பேய் முழி முழித்தேன். அப்புறம் விளங்கியது. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். மதினி பயந்துபோய்த் திருநீறு எடுக்க ஓடினார்.

அட மனுஷா! பல்லுக்குங்க. பிள்ளைக்குப் பல்லில் குழி. அந்தக் குழியில் டாக்டரம்மா வைக்கிற மருந்து. விருதுநகரில் அவருடைய ஆஸ்பத்திரிக்குத்தான் அண்ணன் வேனில் கூட்டிப் போவதாகச் சொன்னார். சொத்தைப் பல் என்று கார்டில் எழுதினால் தபால்காரரிலிருந்து டீக்கடை வரை தெரிந்துவிடும், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன் வாயைத் திறக்கச் சொல்வான் என்று, பல் என்கிற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். அதுவே இந்தப் பாடு படுத்திவிட்டது. முதல் கடிதம் எங்கே போனது என்று கம்பெனியில் தேடுங்கள். எல்லாம் அதில் இருக்கிறது.

சிரிப்பு இவ்வளவுதான். இனிக் கேளுங்கள்.

அண்ணன் உங்கள் கடிதத்தைப் பிடுங்கி, "என்னை என்னன்னு நெனச்சுட்டான் உம் புருசன்?" என்று நடுவீட்டில் நின்று உரக்கப் படித்தார். சங்கையா அண்ணனைப் பற்றிய வரி வந்ததும் குரல் இறங்கிவிட்டது. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வேனைக் கழுவப் போய்விட்டார். செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மருந்து அடைத்தால் வாய் வெடித்துவிடுமாம். டாக்டர் மருந்து வேறு, அப்பா மருந்து வேறு என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப ரெண்டுக்கும் ஏம்மா ஒரே பேரு?" என்று கேட்கிறாள். எனக்கே குழம்புகிறது. கடைசியில், "அப்பா கூட இருந்தாத்தான் வாயைத் தொறப்பேன். அப்பாவுக்குத்தான் வெடிக்காம அடைக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே நீங்கள் வர வேண்டும். எங்கள் வாசலை மிதிக்க வேண்டாம். 25ஆம் தேதி காலை பத்து மணிக்கு விருதுநகர் பழைய பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள்.

இன்னொன்று. மருந்து அறையைப் பற்றி நான் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன்! ஒரு நாளாவது பயமாக இருக்கிறது என்று சொன்னீர்களா? பிள்ளைக்கு என்றதும் மனுசன் செய்கிற வேலை இல்லை என்று எழுதத் தெரிகிறதே, அப்படியானால் நீங்கள் மனுசன் இல்லையா? செல்வியின் அப்பா மட்டும் அங்கே உட்காரலாமா? இதற்குப் பதில் சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம்.

பொன்மணி


திருத்தங்கல்,
20.7.2003

பொன்மணிக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. முதல் லெட்டரும் கிடைச்சுச்சு. கம்பெனியில இன்னொரு முனியராஜ் உண்டுல்ல, லோடு ஏத்துறவன், கல்யாணம் ஆகாதவன். அவன்கிட்டக் குடுத்திருக்காக. படிச்சுப் பாத்தா தனக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு பிள்ளை, பிள்ளைக்குச் சொத்தைப் பல்லு. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லாம சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். "அண்ணே, எனக்கு யாரோ சூனியம் வச்சுட்டாகன்னு நெனச்சேன்"ங்கான். கம்பெனியே சிரிச்சுச்சு. உங்க அண்ணனைப் பேசினது தப்புதான். அவர்கிட்டச் சொல்லிரு.

ஆனா பல்லு விஷயம் எனக்கு இன்னும் விளங்கலை. விழாம எப்படி ஒரு பல்லு புதுசா முளைக்கும்? எல்லாப் பல்லும் விழுந்துதானே முளைக்கும்? கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு என் வாயில பாத்தேன். எது விழுந்து முளைச்சது, எது சும்மா முளைச்சதுன்னு ஞாபகம் இல்லை. எங்கம்மா இருந்தாலும் தெரிஞ்சிருக்காது. பாலகுரு செங்கப்பொடி போட்டுத் தேச்சாப் பல்லு இரும்பாகும்ங்கான். அவன் வாயில முன்னால ரெண்டு இல்லை. போர்மேன் முத்துராமலிங்கம் அண்ணன், "பேஸ்ட்டு நுரை எம்புட்டு வருதோ அம்புட்டு நல்லது"ன்னாரு. இன்னொருத்தன் நுரைதான் ஈறைத் தின்னுதுங்கான். பல்லு எல்லார் வாயிலயும் இருக்கு, ஒருத்தனுக்கும் ஒன்னும் தெரியலை.

கருப்பட்டி மிட்டாய் உடம்புக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் வாங்குனேன். சீனிதானே கெடுதல், கருப்பட்டி பனையில இருந்து வருது, அது எப்படிப் பல்லைத் திங்கும்? டாக்டரம்மாகிட்டக் கேக்கணும்.

தீபாவளி சீசன் நேரம், போர்மேன் லீவு தர மாட்டேங்காரு. கேட்டுப் பாக்கேன். வருவேன்.

நீ கேட்ட மத்த விஷயம் நேர்ல பேசுவோம்.

முனியராஜ்


காரியாபட்டி,
27.7.2003

செல்வி அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? செல்விக்கு வலி இல்லை. இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறாள். நாக்கால் அந்தப் பல்லைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் வாயைத் திறந்து காட்டி, "எங்கப்பா கூட நின்னு அடைச்சது" என்று சொல்லி வருகிறாளாம். நான் கார்டில் மறைத்ததற்கு நல்ல பலன்!

நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. டாக்டரம்மா குட்டிக் கம்பியை எடுத்து மருந்தை அழுத்தப் போனதும், "இரும்பு வேண்டாம்மா! இரும்பால இடிக்காதீக!" என்று பாய்ந்து அவர் கையைப் பிடித்தீர்களே. வெளியே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் தன் பல்லைக் காப்பாற்றிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். டாக்டரம்மா கோபிக்கவில்லை. எந்த வேலை என்று கேட்டார். சொன்னீர்கள். "இது வெடிக்காதுங்க" என்று உங்கள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். உங்கள் நகத்துக்குள் இருந்த வெள்ளியை அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருடம் நான் உற்றுப் பார்த்ததில்லை.

கருப்பட்டியும் பல்லுக்குச் சீனி மாதிரிதான் என்று அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் முழுசாக நம்பிக்கை வரவில்லைதான். ஆனால் பூச்சி விஷயத்தில் எனக்குத் தெளிந்துவிட்டது. சந்தைக்காரி மறுபடி வந்தாள். மதினி அவளிடம் தன் பல்லைக் காட்டினார். அதிலும் அதே வெள்ளைப் பூச்சி. மதினிக்கு அங்கே இருப்பது கட்டின பல். பொய்ப் பல்லில் பூச்சி எங்கே இருந்து வரும்? மதினி வெற்றிலையை அவள் மூஞ்சியிலேயே எறிந்தார்.

ராத்திரியும் விளக்க வேண்டும், பட்டாணி அளவு பேஸ்ட் போதும், நம் கையால் கடைசிப் பல் வரைக்கும் விளக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. செய்கிறேன். அவள் என் விரலைக் கடிக்கிறாள்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். நாற்காலியை விட்டு இறங்கியதும் செல்வி உங்களைப் பார்த்து, "எனக்கு அடைச்சது வெடிக்காதுன்னு சொல்லிட்டாக. நீ அடைக்கிறது வெடிக்காதுன்னு யாருப்பா சொன்னா?" என்று கேட்டாள். நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றீர்கள். நேரில் பேசுவோம் என்று எழுதினவர், நேரிலும் பேசவில்லை. பஸ் போன பிறகும் பிள்ளை அங்கேயே நின்றாள். "அப்பா பதில் சொல்லலையேம்மா" என்றாள்.

நான் இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன், எனக்கு அலுத்துவிட்டது. கேட்டது அவள். அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

பொன்மணி


திருத்தங்கல்,
3.8.2003

பொன்மணிக்கு,

இதை செல்விக்குப் படிச்சுக் காட்டு.

வெடிக்காதுன்னு யாரும் சொல்லலை தாயி. அப்பாவும் அப்படிச் சொல்ல முடியாது. பஸ்ஸுல உக்காந்து நீ கேட்டதையே யோசிச்சுக்கிட்டு வந்தேன். திருத்தங்கல் வந்ததைக் கூடப் பாக்காம சிவகாசி போய் இறங்கிட்டேன்.

மறுநாள் மருந்து அறைக்குள்ள போய் உக்காந்து கட்டையை எடுத்தேன். கை ஓடலை. முத்துராமலிங்கம் அண்ணன்கிட்டப் போய், "என்னை லேபிள் ஒட்டப் போடுங்க"ன்னு கேட்டேன். "ஏலே, சீசன்ல விளையாடுறியா? பொண்டாட்டிக்குப் பயந்துட்டியா?"ன்னாரு. "பிள்ளைக்குண்ணே"ன்னேன். லேபிள் கட்டு ஒன்னை எடுத்து என் கையில குடுத்தாரு. அவருக்கும் பிள்ளை இருக்கு.

இப்ப பொம்பளைகளோட உக்காந்து பூச்சட்டிக்கு லேபிள் ஒட்டுறேன். கோணலா ஒட்டுறேன்னு வெள்ளைத்தாய் அக்கா வையுது. சம்பளம் நல்லாக் கொறவு, அதை இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என் கூடச் சண்டைக்கு வராதே. கருப்பட்டி மிட்டாய் வாங்கக் கட்டாது. அது பல்லுக்கு நல்லதா கெட்டதான்னு நமக்குள்ள இனி சண்டையும் இல்லை.

கடையில போய்ப் பிள்ளைக்குப் பல் விளக்குற பிரஷ் கேட்டேன். "சாப்ட்டா, மீடியமா?"ன்னான். முழிச்சேன். செல்வி வயசைச் சொன்னேன், அவனே ஒன்னு எடுத்துக் குடுத்தான். சிவப்புக் கலரு. அதை வச்சு என் வாயில கடைசிப் பல்லு வரைக்கும் எட்டுதான்னு பாத்தேன். எட்டுது. அப்புறம்தான் அது பிள்ளை பிரஷுன்னு ஞாபகம் வந்துச்சு. வேற ஒன்னு வாங்கிட்டேன்.

எந்தப் பஸ்ஸுல வாறீகன்னு ஒரு கார்டு போடு. ராத்திரி பல் விளக்கிவிடுறது உன் வேலை இல்லை, அதை நான் பாத்துக்கிடுதேன். விரலை என்னையக் கடிக்கட்டும். நகத்துல இருக்கிற வெள்ளி போகலை, அது போகாது போல. ஆனா இப்ப கையில ஒட்டுறது வெறும் மைதாப் பசைதான், தண்ணி ஊத்தினாப் போயிருது. ரெண்டு தடவை கழுவிட்டு மோந்தும் பாத்துட்டேன். பிள்ளை கன்னத்தைத் தொடலாம்.

முனியராஜ்